நெட்டை சொன்ன முடிவு

தெருவில் அவரை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தாறு வருஷம் அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஓய்வு பெற்ற பிறகும், யாருக்காவது ஊசி போட வேண்டுமென்றால் மருந்துச் சீட்டோடு அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். "ஆச்சு, சட்டையை இறக்கு" என்று அவர் சொல்லும்போதுதான் ஊசி போட்டதே தெரியும்.

கணவர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகன் எப்போதும் வேலை வேலை என்று பறப்பவன். பேச்சுத்துணை மருமகள்தான். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவள். மாதக் கடைசி சனிக்கிழமை, கிளை நூலகத்தின் மாடியில் கூடும் வாசகர் வட்டத்துக்குத் தவறாமல் போவாள்.

ஒருநாள் அவள் கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் போட்ட புத்தகத்தைப் பார்த்ததும், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஊசியக்காவின் கை நின்றுவிட்டது. அட்டை புதுசு. பெயர் அதேதான்.

"இது இன்னும் கிடைக்குதா?"

"மறுபதிப்பு, அத்தை. அந்தக் காலத்துல சக்கைப்போடு போட்ட காதல் நாவலாமே! இந்த மாசம் இதைத்தான் பேசப் போறோம்."

"நானும் வரேன்."

"படிக்க வேணாமா? நாலு நாள்தான் இருக்கு."

"நான் எதுக்குப் படிக்கணும்? தலைகீழா ஒப்பிப்பேன்."

அந்த நாவல் வந்த வருஷம் நர்ஸ் விடுதியில் பதினோரு பேர் இருந்தார்கள். புத்தகம் ஒன்றே ஒன்று. கதாநாயகி நர்ஸ், நாயகன் டாக்டர் என்று தெரிந்ததும் யார் முதலில் படிப்பது என்று அடிதடி வராத குறை. ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்த நெட்டைதான் வழி கண்டுபிடித்தாள். கதவு நிலையில் குனிந்தே நுழைகிற உயரம் அவள். பிளேடால் புத்தகத்தின் முதுகைக் கீறி ஆறு பாகமாகப் பிரித்தாள். ஒவ்வொன்றையும் காயம் தைக்கும் நூலால் தைத்து முடிச்சுப் போட்டாள்.

"ஒரு சொட்டு ரத்தம் வரல, பாத்துக்கோங்கடி" என்றாள்.

முடிவை முதலில் படிக்க எவளும் ஒப்பாததால் ஆறாம் பாகம் நெட்டையின் பெட்டிக்குப் போனது. மற்ற ஐந்தும் ஏப்ரன் பைக்குள்ளும் டெம்பரேச்சர் சார்ட்டுக்கு அடியிலுமாக வார்டு வார்டாகச் சுற்றின. ஊசியக்காவுக்கு இரண்டாம் பாகத்துக்குப் பிறகு நான்காவதுதான் கிடைத்தது. அதில் எல்லோரும் யாருக்காகவோ அழுதார்கள். செத்தது யார் என்று தெரியாமலே அவரும் சேர்ந்து அழுதார்.

ஞாயிறு மதியங்களில், கஞ்சி மணக்கும் துணி தேய்க்கும் அறையில் கூடுவார்கள்.

"நாடி பிடிச்சுகிட்டே அழறாளாம். எண்ணிக்கை தப்பாதா?" என்பாள் ஒருத்தி.

"டாக்டர் நிலான்றான், பூன்றான். நம்ம டாக்டர் 'கேஸ் ஷீட் எங்க சிஸ்டர்'னு கேக்கறதைத் தவிர வாயைத் திறந்திருக்காரா?" என்பாள் இன்னொருத்தி.

ஐந்து பாகமும் எல்லோரும் முடிக்கிற சமயம் பார்த்து ஆறாம் பாகம் காணாமல் போனது. காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த ஒரு டீச்சருக்கு நெட்டை அதை இரவல் கொடுத்திருந்தாள். டிஸ்சார்ஜ் ஆகும்போது டீச்சர் அதையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போய்விட்டார். பத்துப் பேரும் நெட்டையைப் பிடித்து உலுக்கினார்கள்.

"கத்தாதீங்கடி, சொல்றேன்" என்று அவள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே முடிவைச் சொன்னாள். வேலையை விட்டுவிட்டு வரச் சொல்கிறான் டாக்டர். "என்னைக் கட்டிக்கணும்னா என் வேலையையும் சேர்த்துக் கட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் டூட்டிக்குப் போய்விடுகிறாள். அவ்வளவுதான். அறையே கைதட்டியது.

அந்த வாரம்தான் ஊசியக்காவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை நில அளவையாளர். கல்யாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம் என்று அவர் வீட்டில் நிபந்தனை. சரி என்று தலையாட்டத்தான் இருந்தார். ஆனால் விடுதியின் பார்வையாளர் அறையில் மாப்பிள்ளையைப் பார்த்ததும் வாயில் வந்தது வேறு.

"வேலையை விட மாட்டேன். சம்மதம்னா சொல்லுங்க."

மாப்பிள்ளை எழுந்து போனார். பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. 'அம்மாவை வழிக்குக் கொண்டுவர இத்தனை நாளாயிற்று' என்று ஒரே வரி. காலை டூட்டி நாட்களில் மகனைக் குளிப்பாட்டி, சாப்பாடு கட்டி, பள்ளிக்கு அனுப்பியது அந்த மனிதர்தான்.

சனிக்கிழமை நூலக மாடியில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாயகனைத் துவைத்துக் காயப்போட்டார்கள். ஊசியக்காவும் தன் பங்குக்கு நாலு சாத்து சாத்தினார். அப்போது பல் டாக்டர் பெண் ஒருத்தி சொன்னாள்:

"எல்லாத்தையும் மன்னிச்சிடலாம். ஆனா கடைசியில அவ வேலையை விட்டுட்டுப் போறா பாருங்க, அதைத்தான் தாங்க முடியல."

"யாரு, அவளா? நீங்க வேற ஏதோ புத்தகத்தைப் படிச்சிட்டு வந்திருக்கீங்கம்மா" என்றார் ஊசியக்கா.

எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள். நூலகர் கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். ஊசியக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நர்ஸ் தன் தொப்பியைக் கழற்றி மடித்து டாக்டரின் மேஜையில் வைக்கிறாள். 'இனி இந்த வீடுதான் என் வார்டு' என்கிறாள். முற்றும்.

இரண்டு தடவை படித்தார். முகம் சிவந்து, பிறகு சிரிப்பு வந்து, சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. மருமகள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஒரு மடக்கு குடித்துவிட்டு, நெட்டை, பிளேடு, பார்வையாளர் அறை, பதினெட்டு நாள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"உங்களுக்காகவே மாத்திச் சொன்னாங்களோ?" என்றாள் பல் டாக்டர்.

"தெரியல. கேட்டாத்தான் தெரியும்."

மறுநாள் காலை மருமகள் நெட்டையின் போன் எண்ணைத் தேடிப் போட்டுக் கொடுத்தாள். நெட்டை தூரத்து ஊரில் மகள் வீட்டில் இருந்தாள். பேசி நாலு வருஷமாகியிருந்தது.

"ஏன்டி, அந்த முடிவை எனக்காகவா மாத்திச் சொன்ன?"

"எந்த முடிவு?"

விவரம் சொன்னதும் நெட்டை வெடித்துச் சிரித்தாள். "நான் ஆறாம் பாகம் படிக்கவே இல்லடி! நான் புரட்டறதுக்குள்ள டீச்சர் தூக்கிட்டுப் போயிட்டாங்க. பத்துப் பேரும் என் மூஞ்சியவே பாத்தீங்க. வாயில வந்ததை அடிச்சு விட்டேன். உனக்குக் கல்யாணப் பேச்சு நடந்ததே எனக்கு அப்ப தெரியாது."

ஊசியக்கா மேஜைமேல் இருந்த புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "நல்லவேளை படிக்கல."

"சரி, நிஜமா எப்படித்தான் முடியுது? அதைச் சொல்லு முதல்ல."

ஊசியக்கா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கடைசி அத்தியாயங்களை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். ஒரு பக்கம்கூட முழுசாக வாசிக்க விடவில்லை நெட்டை. டாக்டர் வாயைத் திறக்கும்போதெல்லாம் குறுக்கே திட்டினாள். மருமகள் சமையலறையில் அடுப்பைக் குறைத்துவிட்டு, கதவோரம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.