கிணற்றுப் பாசியில் ஒரு தட்டைப்புழு

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தினேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம்தான். வாய்க்கொழுப்பு மட்டும் இருபது வருட சர்வீஸுக்கு இருந்தது. மாணவர்கள் போன வருடத்து ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே படம் போடுவார்கள். நானும் அப்படிப் படித்து வந்தவன்தான்.

ஒரு மாணவி மட்டும் தங்கள் கொல்லைக் கிணற்றுப் பாசியை மருந்து பாட்டிலில் கொண்டுவந்து, மைக்ரோஸ்கோப்பில் கண்டதை வரைந்திருந்தாள். உடம்பெல்லாம் செதில், பிளந்த வால், நேராக ஓடும் குடல், அதன் முடிவில் ஒரு துளை. வயிற்று மயிரால் வழுக்கிப் போகிறது என்று ஓரத்தில் குறித்தும் இருந்தாள்.

"வயித்துல மயிர் இருக்குது, வழுக்கிக்கினு போவுது. அப்ப தட்டைப்புழுதான். அதுக்கு வாய் ஒண்ணுதான், பின்னாடி துளை கிடையாது. அழி" என்றேன்.

"இல்லைங்க சார், நல்லாத் தெரியுது. நீங்களே பாருங்க சார்."

நான் குனிந்து பார்க்கவில்லை. விழுப்புரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அழிக்காவிட்டால் ரெக்கார்டை ஏற்க மாட்டேன் என்றேன். எதிரிலேயே துளையை மட்டும் ரப்பரால் அழித்து, மேலே 'தட்டைப்புழு' என்று எழுதினாள்.

மறுநாள் நூலகத்தில் தடித்த புத்தகம் ஒன்றில் அதே பிராணியைப் பார்த்தேன். பெயர் காஸ்ட்ரோட்ரிக். துளை உண்டு. அன்றைய பாடத்தில் அது தட்டைப்புழுவை விட்டு விலகி வேறு கூட்டத்தில் இருந்தது. இப்போது மரபணுவைப் பார்த்து, தட்டைப்புழுவுக்கு அது நெருங்கிய சொந்தமாக இருக்கலாம் என்கிறார்கள். அதைப் படித்ததும் ஒரு நிமிடம் நான் சொன்னதும் சரிதானே என்று நினைத்தேன். என்ன சொந்தமானாலும் துளை துளைதான். அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

செய்முறைத் தேர்வுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கூப்பிட்டு, "நீ வரைஞ்சதுதாம்மா சரி" என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார் கெத்து விடவில்லை.

தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அவள் ரெக்கார்டைப் புரட்டி அந்தப் படத்தில் நின்றார். "தட்டைப்புழுவுக்கு ஏதும்மா செதிலும் பிளந்த வாலும்? யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது?"

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லலைங்க சார். நானேதான் தப்பாப் போட்டுக்கினேன்."

அவர் மதிப்பெண்ணைக் குறைத்து எழுதித் தாளை என்னிடம் நீட்டினார். சரிதான் என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.