சில்வர் பூசிய ஏரியல்

என்னுடைய கோபம் ஊரறிந்தது. ஆனால் அந்த நாலு நாளும் நான் ஒரு ரவுட்டரோடு போட்ட சண்டையை ஊர் அறியாது, அது வீட்டுக்குள்ளேயே நடந்து முடிந்தது. முடிந்த விதம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஊர்காவற்துறையில் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பக்கத்து வளவு எங்களுடையது. வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். அம்மா இறந்து ஏழு வருடம் ஆகிவிட்டது, அண்ணன்மார் இரண்டு பேரும் வெளிநாட்டில். அப்பா முன்னர் துறைமுகத்தில் வேலை செய்தவர், இப்போது கடலுக்குப் போகிறவர். நான் கொழும்பில் கணினி படித்துவிட்டு வந்து, வீட்டு அறைக்குள் இருந்தபடியே வேறு ஊர்க்காரருக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறவள். போன வருடம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி என்னை அங்கேயே வேலைக்குக் கூப்பிட யோசித்தது. விசாவும் அவர்களே எடுத்துத் தருவார்கள். இரண்டு கட்டம் தாண்டிவிட்டேன், மிச்சம் இருந்தது ஒரு வீடியோ இன்ரர்வியூ. சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். "நல்லது பிள்ளை" என்றார், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே.

அந்த இன்ரர்வியூதான் நாசமாய்ப் போனது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் மூன்று தடவை அறுந்தது. கடைசித் தடவை அறுந்தபோது திரையில் என் முகம் வாயைப் பிளந்தபடி உறைந்து நின்றது. அந்த முகத்தைத்தான் அவர்களும் பார்த்திருப்பார்கள். பின்னேரம் மின்னஞ்சல் வந்தது: வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இன்னொரு தடவை பார்ப்போம், அதற்குப் பிறகு எங்களுக்கு நேரம் இல்லை.

அன்று திங்கள். எனக்கு இருந்தது நாலு நாள்.

குற்றவாளி யார் என்று எனக்கு ஐயமே இருக்கவில்லை. நான்தான். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர், ரவுட்டரோடு கம்பெனி ஏற்றி அனுப்பிய மென்பொருளை அழித்துவிட்டு, வெளியாட்கள் எழுதி இலவசமாய் விடுகிற கஸ்டம் ஃபேர்ம்வெயரை ஏற்றியிருந்தேன். அன்றிலிருந்து இணையம் கொஞ்சம் மந்தம்தான், ஆனால் என் வேலைக்கு அது போதுமாய் இருந்தது. கம்பெனி மென்பொருளில் நாலு பொத்தான்தான். இதில் அலைவரிசை, ஒலிபரப்புச் சக்தி, யார் எப்போது வந்தார், எப்போது அறுந்தார் என்ற பதிவு எல்லாமே கைக்குள் இருக்கும். படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் இரண்டையும் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

முதலில் இணையத்தைச் சோதித்தேன். முற்றத்துக் கம்பத்தில் இருக்கிற பெட்டியிலிருந்து கேபிள் நேரே விறாந்தைச் சுவரில் இருக்கிற ரவுட்டருக்கு வருகிறது, என் அறைவரை எட்டாது. பழைய மேசைக் கணினியில் அந்தக் கேபிளைச் செருகிப் பார்த்தால் நல்ல வேகம். ஆனால் அதில் கமெரா இல்லை. என் மடிக்கணினியின் கேபிள் துளையை உப்புக் காற்று எப்போதோ தின்றுவிட்டது. ஃபோன் டேற்றா எங்கள் கரையில் வந்து வந்து போகும். ஆகவே எனக்கு வைஃபைதான் கதி, அந்த வைஃபைதான் கெட்டிருந்தது.

செவ்வாய் முழுக்க அலைவரிசை மாற்றினேன். எங்கள் ஒழுங்கையில் மொத்தம் மூன்று வைஃபைதான், ஒன்றையொன்று இடிக்க வழியே இல்லை. ரவுட்டர் விடுகிற சக்தி நாட்டுக்கு நாடு மாறும், அதையும் இலங்கை என்று சரியாய்த்தான் போட்டிருந்தேன். சக்தியை உச்சத்துக்கு ஏற்றினேன். சிக்னலை ஒரு மைனஸ் எண்ணாய்க் காட்டும், பூச்சியத்துக்குக் கிட்ட வரவர நல்லது. என் அறையில் மைனஸ் அறுபது என்று நிற்க வேண்டியது, மைனஸ் எண்பத்தைந்தில் கிடந்தது. விறாந்தையில், ரவுட்டருக்கு நேர் கீழே நின்றால் பரவாயில்லை. ஆனால் கோயில் பெருநாள் காலம், ஒன்பது நாள் நவநாள் செபம் நடக்கிறது. கோயில் லவுட்ஸ்பீக்கர் விறாந்தையைப் பார்த்துத்தான் பாடும். அங்கே இருந்து இன்ரர்வியூ செய்ய ஏலாது.

புதன்கிழமை தோல்வியை ஒப்புக்கொண்டு பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினேன். மைனஸ் எண்பத்தைந்து. எனக்கு அழுகை வந்தது. சாதனத்தின் உள்ளே உப்புப் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி யாழ்ப்பாணத்துக் கடைக்குப் போன் எடுத்தேன். புதியது அடுத்த கிழமை வருமாம்.

அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் திரிந்தார். "சரிவரேல்லையோ?" என்று கேட்பார். "இல்லை" என்று நான் சீறுவேன். வலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

வியாழன் காலை, அப்பாவோடு ஒரே வள்ளத்தில் போகிற மாமா வந்தார். சொந்த மாமா இல்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். அப்பா அன்று வேறொருவருடைய வள்ளத்தில் போயிருந்தார், அது மாமாவுக்குத் தெரியாது. கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தவர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார்.

"உதென்ன பிள்ளை, வைஃபைக் கொம்புக்கும் சில்வர் அடிச்சுக் கிடக்கு?"

"அப்பாவின்ரை வேலை. பெருநாளுக்குப் பெயின்ற் அடிக்கேக்கை அதையும் விடேல்லை."

பெருநாளுக்கு முதல் உப்புத் தின்னக்கூடிய எதற்கும் சில்வர் பெயின்ற் பூசுவது எங்கள் கரையில் எல்லா வீட்டிலும் நடப்பது. கேற், யன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய், சைக்கிள் றிம் ஒன்றும் தப்பாது. நான் ஃபேர்ம்வெயர் ஏற்றிய அதே கிழமைதான் அப்பா பூசினார். ரவுட்டரின் இரண்டு கறுத்த ஏரியலும் பளபளவென்று நிற்பதைப் பார்த்து, "அசையாமல் நிண்டால் எனக்கும் பூசிப்போடுவியள்" என்று சிரித்தேன். அதற்குமேல் அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். "கொப்பரோ பூசினவர்? இருக்காது பிள்ளை."

"ஏன் மாமா?"

"சில்வருக்குள்ள இருக்கிறது அலுமினியமெல்லே. வயர்லெஸ் செற்றின்ரை ஏரியலுக்கு அதைப் பூசினால் செற் செவிடாப் போகும். ஒருக்கா நான் பெருநாளுக்கு வள்ளத்து ஏரியலுக்குப் பூசிப்போட்டன். நெடுந்தீவுக்கு அங்காலை போனாப் பிறகு கரையோடை கதைக்கேலாது, கூப்பிட்டால் கேக்காது. கண்டுபிடிச்சது கொப்பர்தான். என்னை ஏசின ஏச்சு இண்டைக்கும் காதுக்குள்ள கிடக்கு. அதுக்குப் பிறகு கரையில ஆர் பெயின்ற் வாளி தூக்கினாலும் கொப்பர் போய்ச் சொல்லுவார், ஏரியலைத் தொடாதேங்கோ எண்டு."

முதலில் வந்தது வெட்கம். நாலு வருடம் படித்தவள், மூன்று நாளாய் மென்பொருளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவள், கண்ணுக்கு முன்னால் மின்னியதைக் காணவில்லை. அந்த வெட்கம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அதற்குப் பின்னால் வந்தது வேறு. அப்பாவுக்குத் தெரியும். ஊருக்கே சொல்லிக் கொடுத்தவருக்குத் தெரியும். மாமாவும் என் முகத்தில் அதைக் கண்டிருக்க வேண்டும். மிச்சத் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டார்.

மத்தியானம் அப்பா வந்து கிணற்றடியில் கால் கழுவினார். நான் போய் முன்னால் நின்றேன்.

"ஏரியலுக்கு ஏன் சில்வர் பூசினனீங்கள்?"

"உப்புப் பிடிக்குமெண்டு."

"பிளாஸ்ரிக்குக்கு உப்புப் பிடிக்குமோ அப்பா? மாமா வந்தவர். வள்ளத்துக் கதை முழுக்கச் சொன்னவர்."

வாளியை மெல்லக் கீழே வைத்தார். பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நம்புவதற்கும் ஆயத்தமாய் இருந்தேன்.

"தெரிஞ்சுதான் பூசினனான்" என்றார்.

வேலியே பயிரை மேயும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன், எத்தனை தரம் கேட்டிருப்பேன். அது என் அப்பாவாய் இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. என் சைக்கிளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவர், நான் கொழும்புக்குப் படிக்கப் போகத் தன் வள்ளத்து எஞ்சினை விற்றவர்.

"என்ரை வாழ்க்கை உங்களுக்கு விளையாட்டோ?" என்று கத்தினேன். அயலுக்கே கேட்டிருக்கும்.

"இல்லை" என்றார். பிறகு கிணற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கொண்ணன்மார் ரெண்டு பேரும் கிழமைக்கொருக்காக் கதைக்கினம். முகம் வடிவாத் தெரியுது. சத்தம் பக்கத்தில நிண்டு கதைக்கிற மாதிரிக் கேக்குது. ஆள்தான் வரேல்லை. கொம்மாவை அடக்கம் செய்ததையும் ஃபோனுக்குள்ளாலைதான் பாத்தவங்கள். நீயும் அதுக்குள்ள போயிடுவாய் எண்டு பயந்திட்டன். பிழைதான் பிள்ளை."

எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்கவும் தோன்றியது, வாளியைத் தூக்கி எறியவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் ஏணி இழுபடும் சத்தம் கேட்டது. அப்பா இரண்டு ஏரியலையும் திருகிக் கழற்றி, தின்னரில் துணியைத் தோய்த்து, கறுப்புத் தெரியும்வரை துடைத்தார். திரும்பப் பூட்டிவிட்டு ஏணியில் நின்றபடியே கேட்டார்.

"இப்ப எத்தினை?"

"மைனஸ் ஐம்பத்தெட்டு."

"அது நல்லதோ?"

"ஓம். நல்லது."

வெள்ளிக்கிழமை அப்பா கடலுக்குப் போகவில்லை. காலையிலேயே கோயிலுக்குப் போய்ப் பதினொரு மணிவரை லவுட்ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார். ஒழுங்கையில் முச்சக்கரவண்டியைக்கூட மறித்து அடுத்த பக்கத்தால் போகச் சொன்னாராம். பத்து மணிக்கு அழைப்பு வந்தது. ஒரு சொல் அறவில்லை, ஒரு முகம் உறையவில்லை. கேட்டதற்கெல்லாம் மளமளவென்று பதில் சொன்னேன். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, அந்தப் பெண் சிரித்துக்கொண்டு கடைசிக் கேள்வியைக் கேட்டாள். உடனே புறப்பட ஏலுமா, உங்களை நம்பி வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று.

"நோ, நோபடி" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாய்ச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அப்பா பூசிய பெயின்ற் என்னை இப்படி உலுக்கவில்லை. திருத்திச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் நன்றி சொல்லி, நல்ல செய்தி சீக்கிரம் வரும் என்று வாழ்த்திவிட்டாள். அழைப்பை அவளே முடித்தாள்.

கதவைத் திறந்தேன். அப்பா வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்புவரைதான். ஆனால் துறைமுகத்தில் பத்து வருடம் வேலை செய்தவருக்கு அந்த இரண்டு சொல்லும் தெரியாமல் இருக்காது. தேத்தண்ணியில் ஆடை படர்ந்திருந்தது.

"இடையில அறுந்ததோ பிள்ளை?" என்று கேட்டார்.

"இல்லை அப்பா. ஒருக்காலும் அறேல்லை."

"ஓம்" என்றார். "எனக்கும் வடிவாக் கேட்டது."