செசிலியாக்கா வராத ஞாயிறுகள்

“ஏன்க்கா செபத்துக்கு வரல?”

“வீட்டுக்குத் தூரம், பாப்பா.”

“போன வாரமும் அதத்தான் சொன்னீங்க. போன மாசமும் அதத்தான்.”

“இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல கணக்கும் சொல்லிக் குடுத்தாங்களா?” சிரித்துவிட்டு, செசிலியாக்கா குரலைத் தாழ்த்தினார். “மூணு மாசமா நிக்கல. யாருகிட்டயும் சொல்லிறாத. இவரு சயாமுக்குப் போயி எட்டு மாசமாச்சு. லயத்துல என்ன பேசுவாங்க?”

அது ஜப்பான்காரன் காலம், 1943. சாஆ என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம். செசிலியாக்காவின் கணவர் மரியநாதனைச் சயாம் நாட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோயிருந்தார்கள். குருவானவரும் வர முடியாததால், எங்கள் வீட்டில் கூடும் ஞாயிறு செபத்தைச் செசிலியாக்காதான் நடத்துவார். அவர் பாட்டெடுத்தால் தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி லயம் வரை கேட்கும். முடிந்ததும் அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பங்கிடும்போது, “பிரியாணி வாங்கிக்குங்க, கோழி இன்னும் ஓடிக்கிட்டிருக்கு” என்பார். பஞ்ச காலம்தான். ஆனாலும் அந்த ஞாயிறுகளுக்கு இன்றும் மனம் ஏங்குகிறது.

மாதவிலக்கான பெண் செபத்தில் வைக்கும் சுரூபச் சிலையின் முன் வரக்கூடாது. கோயில் சொல்லாத வழக்கம்; எங்கள் பெண்கள் விடாத வழக்கம். உதிரம் நிற்காத செசிலியாக்காவுக்கு ஞாயிறே இல்லாமல் போனது. துணி கிடைக்காத காலம் வேறு. இருந்த பழஞ்சேலையைக் கிழித்து, ஆற்றில் அலசி அலசிப் பயன்படுத்தினார். அதை அதே லயத்துக் கருப்பாயி பார்த்துவிட்டாள். “புருசன் இல்லாத நேரத்துல எதையோ கலச்சிருக்கா” என்ற பேச்சு அன்றைக்கே லயத்தைச் சுற்றியது.

நான் அவரை டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னேன். கர்ப்பப்பை வாயில் புற்று. முற்றிவிட்டது. மருந்தில்லை.

“அப்ப, இது தீட்டில்ல, நோவுதானே?” என்று கேட்டார் செசிலியாக்கா.

“நோவுதான்க்கா.”

திரும்பும் வழியில், பல மாதங்களுக்குப் பிறகு, மெல்லப் பாடினார்.

லயத்தில் சொன்னேன். “இங்கிலீஷ்லதான சொன்னாரு, யாரு கண்டா?” என்றாள் கருப்பாயி. நம்பியவர்களோ, ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அதன்பின் செசிலியாக்கா கதவைத் திறப்பதில்லை. தலை சீவுவதில்லை. நான் வைத்துவிட்டு வரும் கஞ்சி அப்படியே ஆறிக் கிடக்கும். என்னிடமும் பேச்சு குறைந்தது.

அடுத்த தவக்காலத்தில் இறந்துபோனார்.

போர் முடிந்து, சயாமிலிருந்து மூன்று லாரி ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். மரியநாதன் அண்ணன் இன்னும் வரவில்லை. லாரிச் சத்தம் கேட்டால் நான் சாலைக்குப் போய் நிற்கிறேன். இறக்கும் முன் கடைசி வாரத்தில் செசிலியாக்கா சுவரைப் பார்த்துப் படுத்தபடியே என்னிடம் கேட்டுக்கொண்டார்:

“இவரு வந்தா, லயத்துக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி நீ போயிச் சொல்லிரு, பாப்பா. நான் நோவுலதான் செத்தேன்னு சொல்லு.”