எக்ஸ்ரே அத்தையின் பவளத் தொட்டி

அந்த வீட்டில் எல்லாருக்கும் ஓர் அறை இருந்தது. எக்ஸ்ரே அத்தைக்கு மட்டும் மிச்சம் இருந்த அறை. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனபோது, பெரிய ஜன்னல் வைத்த முன்னறையை விட்டுக்கொடுத்தாள். அண்ணன் பிள்ளைகள் தலையெடுத்ததும் நடு அறையையும் விட்டுக்கொடுத்தாள். இப்போது இருப்பது சமையலறைக்கு அடுத்த பின்னறை. ஒவ்வொரு தடவையும் அண்ணன் சொல்வது ஒரே வார்த்தைதான். "கொஞ்ச நாளைக்குத்தான்மா." கொஞ்ச நாள் என்றால் அந்த வீட்டில் ஒருத்திக்குத் தலை நரைக்கிற காலம். அவளும் வாயில்லாப் பூச்சியாகத் துணிமணிகளைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவாள்.

இத்தனைக்கும் வேலை செய்கிற இடத்தில் அவள் குரலுக்கு இருக்கும் மரியாதையே வேறு. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். தடுப்புக்குப் பின்னால் நின்று, "மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க!" என்று அதட்டினால், எப்பேர்ப்பட்ட ஆளும் சட்டையைக் கழற்றிவிட்டுச் சிலையாக நிற்பார். அந்தக் குரலைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வருவாள். வீட்டில் அவளைக் கிள்ளுக்கீரையாக நினைத்ததைக் கேட்பானேன்.

மருத்துவமனைக்கு எதிரே இருந்த பல் டாக்டர் கிளினிக்கை மூடியபோது, அங்கே நோயாளிகள் உட்காரும் இடத்தில் இருந்த சின்னக் கடல் தொட்டி அவள் கைக்கு வந்தது. மீன்களெல்லாம் ஏற்கெனவே செத்திருந்தன. ஒரு கல்லில் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பவளம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் வரவில்லை. அப்புறம் பைத்தியம் முற்றிவிட்டது. உப்பு மூட்டை, தண்ணீரைச் சுழற்றும் பம்பு, நீல விளக்கு என்று ஒவ்வொன்றாக வந்தன, பச்சையும் ஊதாவுமாகப் புதுப் பவளங்களும் வந்தன. "கல்லுக்குச் சோறு ஊட்டறா" என்று அண்ணி உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

நடு அறையிலிருந்து பின்னறைக்கு மாற்றியபோது தண்ணீரை இறைத்து, தொட்டியைத் தூக்கிப்போய், மறுபடி நிரப்பினார்கள். அந்த அலைச்சல் தாங்காமல் பல் டாக்டர் கிளினிக் பவளம் வெளுத்தது, பிறகு கரைந்தே போயிற்று. அத்தை தேம்பித் தேம்பி அழுதாள். "ஒரு கல்லுக்கா இப்படி?" என்று அண்ணி கேட்டாள். அத்தைக்கு அன்றைக்கு விழுந்த அடி லேசில் ஆறவில்லை.

மிஞ்சியவை நன்றாகவே வளர்ந்தன. அதில்தான் வம்பு. பவளம் பார்க்கத்தான் பூ. நெருக்கினால் பாம்பு. இடம் போதாவிட்டால் நீள இழைகளை விட்டுப் பக்கத்தில் இருப்பதைக் கொட்டிவிடும். சுத்தியல் தலை மாதிரி முனைகள் உள்ள ஒன்றுக்கு அத்தை 'வில்லி' என்றே பெயர் வைத்திருந்தாள். அது அக்கம்பக்கத்தில் ஒருவரையும் வாழவிடவில்லை. பெரிய தொட்டிக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

"மாடியில அந்த ரூம் சும்மாதானே கிடக்கு" என்று அண்ணன் ஆரம்பித்தார். "கொஞ்ச நாளைக்கு நீ அங்க போயிடும்மா. பின்னறையைச் சின்னஞ்சிறுசுங்க எடுத்துக்கட்டும்."

மாடி அறைக்குத் தகரக் கூரை. பகலில் உள்ளே நின்றால் தலை கொதிக்கும். தொட்டித் தண்ணீர் சூடேறினால் ஒரு பவளமும் தப்பாது. அத்தை எதுவும் பேசவில்லை. அவள் தலையாட்டிவிட்டாள் என்று அண்ணன் தானாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. இரும்புச் சட்டமும், அதன்மேல் வைக்க ஆள் நீளக் கண்ணாடித் தொட்டியும் இறங்கிப் பின்னறைக்குப் போயின. அண்ணி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்ன இது, சவப்பெட்டி மாதிரி?"

"கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டும் அண்ணி" என்றாள் அத்தை, பச்சைப் பிள்ளை முகத்தோடு.

அந்த வார்த்தையை எதிர்த்துப் பேச அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. காலித் தொட்டிதானே, நாலு பேர் பிடித்தால் மாடிக்குப் போய்விடும் என்று நினைத்துவிட்டார்கள். அங்கேதான் கோட்டை விட்டார்கள். கண்ணாடியைப் பார்த்தார்களே தவிர, தண்ணீரை யோசிக்கவில்லை.

அத்தை லீவு போட்டாள். பீப்பாய் பீப்பாயாக உப்புத் தண்ணீர் கலக்கினாள், கருவியை வைத்து அளந்தாள், ஊற்றினாள். பழைய கற்களைப் பழைய தண்ணீரிலேயே வாளியில் ஊறவைத்து எடுத்துவந்தாள். அவற்றில் படிந்திருக்கும் அழுக்கும் அதில் வாழும் நுண்ணுயிரும்தான் தொட்டிக்கு உயிர். அண்ணி இரக்கப்பட்டு, சோப்புத் தூளும் தேய்க்கிற பிரஷுமாக வாளிப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். "தொடாதீங்க!" என்று அத்தை போட்ட சத்தத்தில் பிரஷ் சமையலறை வரைக்கும் போய் விழுந்தது. பவளங்களை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் வைத்தாள். வில்லிக்கு ஒரு மூலையே தனியாகக் கிடைத்தது. புது இடம் பழகும் வரை விளக்கை மங்கலாக எரியவிட்டாள். சில நாளில் எல்லாம் இழை விரித்துக்கொண்டன. அத்தை முதல்முறையாகக் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து அவற்றைப் பார்த்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான் தூக்கும் ஆட்களோடு அண்ணன் வந்தார். இரண்டு பேர் சட்டத்தைப் பிடித்து மூச்சைக் கட்டித் தூக்கப் பார்த்தார்கள். தண்ணீர் மட்டும் லேசாகத் தளும்பியது.

"அசையாதீங்க!"

மருத்துவமனைக் குரல். ஆட்கள் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்கள். அண்ணன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தங்கையிடம் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட பழக்கதோஷம்.

"ரெண்டு எருமை கனம் இருக்கு இதுல. கண்ணாடி விட்டுச்சுன்னா கால் போயிடும். கையை எடுங்க."

எடுத்தார்கள். ஆட்களில் மூத்தவர் தலையைச் சொறிந்தார். "தண்ணியைக் காலி பண்ணிக் குடுத்தா தூக்கிடலாம் சார்."

"காலி பண்ணா அதுங்க செத்துடும்" என்றாள் அத்தை.

"கல்லுக்கு ஏதும்மா உயிர்?" என்றார் அண்ணன்.

"கல்லு இல்லண்ணா. வாய் இருக்கு, சாப்பிடுது. எனக்கும் வாய் இருக்கு, நான்தான் திறக்காம இருந்துட்டேன். இது அப்பா கட்டின வீடு. உங்களுக்கு எவ்வளவு பாத்தியதையோ அவ்வளவு எனக்கும் உண்டு. இந்த ரூமை விட்டு நான் போகமாட்டேன்."

அண்ணன் குரல் இறங்கிவிட்டது. "வர்ற பொண்ணை எங்கம்மா வைக்கிறது?"

"மாடி ரூம்லதான்."

"அந்தத் தகரத்துக்கு அடியிலயா? மனுஷன் இருப்பானா அங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். ஆட்களும் வந்த வழியே நழுவினார்கள்.

மாடிக்கு நல்ல கூரை போட மறுநாளே ஆள் வந்து அளந்துவிட்டுப் போனான். பணம் எங்கிருந்து முளைத்தது என்று அத்தை கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் அவள் முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டு ஒரு கல்லை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அறைக் கதவு தட்டப்பட்டது. இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அவள் கதவை யாரும் தட்டியதில்லை, தள்ளிக்கொண்டுதான் வருவார்கள்.

"நான்தான்" என்றாள் அண்ணி, வெளியிலிருந்தே. "உள்ள வரலாமா?"

"இருங்க" என்றாள் அத்தை.

கல்லை நிமிர்த்தி, அது சாயாமல் நிற்கிறதா என்று பார்த்து, கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் போய்க் கதவைத் திறந்தாள்.