துறைக்கு ஒப்புதல் கேட்கப் போன இளையதம்பி

இளையதம்பி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் தங்கச்சி ஆச்சிப்பிள்ளை வீட்டில், மீன் அரிந்துகொண்டிருந்தபோது. அவள் மகள் இராசாத்திக்குப் பேசி வந்த மாப்பிள்ளை. பழுகாமத்துப் பிள்ளை, பட்டினத்து அரசாங்கக் கந்தோரில் கட்டட வரைபடம் கீறுகிற வேலை. எங்கள் வழக்கப்படி கலியாணம் முடிந்து பெண் வீட்டோடு வந்துவிட்டார். தாய் வாவிக்கு அக்கரையில், பழுகாமத்திலேயே தனியே இருந்தா.

சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், பட்டினத்தில் பாழடைந்து கிடந்த வாவிக்கரையைச் சனம் வந்துபோகிற இடமாகக் கட்டப் போவதாகக் கந்தோரில் பேச்சு எழுந்தது. பஸ் எங்கே நிற்கும், வான் எங்கே திரும்பும் என்று பார்ப்பது இவர் பொறுப்பு.

"கொழும்பால வாறவனுக்கு வான் விட இடம் வைச்சிரிக்கி மாமி. அக்கரையில, படுவான்கரைச் சனம் எதால வாற?"

"அவங்க ஏன் மருமகன் வரோணும்? அவங்கட முத்தத்திலயும் இதே வாவிதானே," என்றாள் ஆச்சிப்பிள்ளை.

"ஐஸ்கிரீம் குடிக்க வரட்டுமேகா," என்று இராசாத்தி சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "எங்கட அம்மா ஒவ்வொரு ஆமிச் சென்றியிலயும் இறங்கி ஏறி, இஞ்ச வந்து சேர அரை உயிர் போகுது. போட் ஓடினா நேர வந்து இறங்குவா."

கெஞ்சிக் கூத்தாடிக் கந்தோரைச் சம்மதிக்க வைத்தார். பழுகாமத்தில் போட் அணைகிற இடத்தில் அதைக் கட்ட மரக்குத்தி நடுவதுதான் மிச்சம். இராசாத்தி நிறைமாதம். "பின்னேரம் வந்திடுவன்" என்று போனார்.

எங்கள் ஊர்களில் பொதுக் காரியம் என்றால் தாய்வழிக் குடி ஒவ்வொன்றின் தலைவரும் ஒப்ப வேண்டும். அன்று கோணாமலை என்ற குடித்தலைவர் வயலில் நெல்லுச் சூடடிக்கப் போயிருந்தார். மற்றவர்கள், "நீ நம்மட பொடியன்தானே. நட்டுப்போட்டுப் போ, அவருக்கு நாங்க சொல்லுறம்" என்றார்களாம்.

"அவரைக் கேளாம நட்டா அந்தக் குடிச் சனம் போட்டில காலும் வைக்காது," என்று இவர் தங்கிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் கோணாமலை வந்தார். "என்னையும் ஒரு ஆளா நினைச்சுக் காத்திருந்தியே, அது காணும்," என்று வெற்றிலை நீட்டினார். குத்தியை நட்டார்கள். அதற்குள் சண்டை மறுபடி மூண்டு, பாதையும் வாவியும் மூடி, அவர் அக்கரையில் அகப்பட்டுக்கொண்டார்.

இராசாத்திக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அக்கரைக்குப் போய்வர விட்டிருந்த ஒரு கோயில் பாதிரிச் சுவாமியார் மூலம் சொல்லி அனுப்பினோம். பெயர் வைக்கத் தான் வரும்வரை பொறுக்கச் சொல்லி மறுமொழி வந்தது. பொறுத்தோம்.

அடுத்த பங்குனியில் அக்கரை முழுக்கப் பீரங்கிச் செல் விழுந்தது. சனம் குத்தி நட்ட அந்தத் துறைக்கு ஓடிவந்து, அகப்பட்ட தோணிகளில் ஏறியது. இளையதம்பி இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவராக ஏற்றிவிட்டாராம். தாய் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஈரச்சேலையைக்கூட மாற்றவில்லை.

"'நீ ஏறு, இந்தா வாறன்' எண்டானகா. ஏறினன். தோணி எடுக்கக்குள்ள கரையில செல் விழுந்திட்டு."

பிள்ளையை அவவின் மடியில் வைத்தோம். அவவே பெயர் வைத்தா.

மாடுகளை விட்டுவர மனமில்லாமல் ஊரில் நின்ற கோணாமலைதான் அவரை எடுத்து அடக்கம் செய்தவர். இளையதம்பி பழுகாமத்து மயானத்தில் இருக்கிறார்.