பேர் சொன்னால் எரியும் விளக்கு

முஹம்மது ஆசிக்குக்கு வாய்தான் மூலதனம். துபாயில் பெரிய பெரிய வீடுகளுக்கு விளக்குப் பொருத்திவிட்டு ஊர் திரும்பியவன், கடலூர் முதுநகரில் சின்னதாக ஒரு கடை போட்டான். "சுவிட்சைத் தேட வேணாம், வாயால சொன்னா லைட் எரியும்" என்று பேசிப் பேசியே ஊரை வளைத்துவிட்டான். திருவந்திபுரத்தில் ஒரு கல்யாண மண்டபக்காரர்கூட அவன் பேச்சில் மயங்கி, மணமகள் அறைக்குப் பேசும் டப்பா வாங்கி வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலில் அவனாகக் கண்டுபிடித்த சூட்சுமங்கள் இரண்டு. பெட்ரூம் ஒன், பெட்ரூம் டூ என்றெல்லாம் வைத்தால் பெரியவர்கள் குழம்பிப்போகிறார்கள். அதனால் யார் அறையோ அவர் பேரையே விளக்குக்கு வைத்துவிடுவான். அடுத்தது சுவிட்ச் சங்கதி. டப்பா சொல்பேச்சு கேட்க வேண்டுமானால் சுவரில் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். நம் ஆட்கள் விடுவார்களா? அறையை விட்டு வரும்போதே கை தானாகப் போய் அதை நிறுத்திவிடும். அப்புறம் தொண்டை கிழியக் கத்தினாலும் பல்பு எரியாது. "பாய், உங்க மெஷின் செத்துப்போச்சு" என்று போன் வரும். ஆசிக் ஒரே போடாகப் போட்டான். சுவிட்சையே கழற்றிவிட்டு அந்த ஓட்டையை வெறும் தகட்டால் மூடிவிடுவான். போன் வருவது நின்றுபோனது. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இரண்டையும் முதலில் தன் வீட்டில்தான் செய்து பார்த்தான். மனைவி அறைக்குத் தஸ்னீம் லைட், வாப்பா அறைக்கு ஹிதாயத்துல்லா லைட். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துப் போட்டுக் காட்டுவான். அவனுடைய உம்மா சுல்தானா மட்டும் டப்பாவோடு பேசுவதே இல்லை. "தஸ்னீம், உள்ள கொஞ்சம் லைட்டப் போடும்மா" என்று மருமகளைத்தான் கூப்பிடுவாள்.

"வாயால சொல்றதுக்குக்கூட ஆள் வெச்சிருக்கீங்களா உம்மா?" என்று ஆசிக் கிண்டல் செய்வான். உம்மா சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

சிதம்பரம் கீழ வீதிப் பக்கத்து வேலையும் அந்தப் பெருமையிலேயே முடிந்த வேலைதான். நடனசபாபதி என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீடு. பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டிருந்தது, நாக்கும் குழறியது. அவர் பேசினால் மனைவி சாரதாம்பாளுக்கு மட்டும்தான் விளங்கும். சிங்கப்பூரில் இருக்கும் மகன் சபேஷ் போனிலேயே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தான். வீடியோ காலில் இருந்தபடி, "அப்பா ரூமுக்கு அப்பா பேரா? சூப்பர் பாய்!" என்றான்.

வாத்தியார் சொன்னது டப்பாவுக்குப் புரியவில்லை. "பரவால்ல, அம்மா சொன்னா போதும்" என்றான் ஆசிக். "நீங்க ஒரு தரம் சொல்லிப் பாருங்கம்மா."

சாரதாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். "நீங்களே சொல்லிக் காட்டிடுங்க தம்பி."

மெஷினைக் கண்டு கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டான். சேத்தியாத்தோப்பில் வேறொரு வேலை காத்திருந்தது. "நடனசபாபதி லைட்டைப் போடு!" என்று தானே கணீரென்று சொன்னான். எரிந்தது. அதை வீடியோ எடுத்துச் சபேஷுக்கு அனுப்பிவிட்டு வண்டியை எடுத்தான்.

மழைக்காலம் பிறந்த பிறகு சபேஷ் கூப்பிட்டான். "பாய், நான் ஊர்லதான் இருக்கேன். அப்பா ரூம்லயே விழுந்து இடுப்பு ஒடைஞ்சு போச்சு. ஆபரேஷன் முடிஞ்சு ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. பாத்ரூமுக்கும் ஒரு லைட் போடணும், வாங்க."

ஆசிக் போனபோது வாத்தியார் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சாரதாம்பாள் தலைமாட்டில் நின்றார். சபேஷ் அம்மாவைத்தான் காய்ச்சிக்கொண்டிருந்தான்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல இருட்டுக்குள்ள எழுந்து நடந்திருக்காரு பாய். லைட்டே போடலையாம்! நீங்க எவ்ளோ சுலபமா செஞ்சு குடுத்தீங்க. வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு இவுங்களுக்கு என்ன கஷ்டம்னு கேளுங்க."

சாரதாம்பாள் தரையைப் பார்த்தபடி நின்றார். பாராட்டு காதில் இனிக்கத்தான் செய்தது. பழக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று ஆசிக் டப்பாவைக் கிட்டே கொண்டுவந்து வைத்தான்.

"இப்ப சொல்லுங்கம்மா. சும்மா சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவரு ரூம் லைட்டப் போடு."

புரியவில்லை என்றது டப்பா.

"அவரு இல்லம்மா, பேரு. பேர் சொல்லணும்."

சாரதாம்பாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை, கெஞ்சுகிற பார்வை. அந்தப் பார்வை ஆசிக்குக்குப் பழக்கமானது. சின்ன வயதில் உம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், சீட்டு எழுதுகிறவர் புருஷன் பேரைக் கேட்பார். உம்மா குனிந்து அவனை இப்படியேதான் பார்ப்பாள். அவன் எக்கி நின்று "ஹிதாயத்துல்லா!" என்று கத்துவான். மற்றபடி அவள் வாயில் அவர் எப்போதும் 'ஆசிக் வாப்பா'தான்.

அவன் டப்பாவை மெல்லத் தள்ளி வைத்தான்.

"அன்னைக்குச் சொல்லிட்டேன் தம்பி" என்றார் சாரதாம்பாள் மெதுவாக. "கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து சொன்னதில்ல. கோயிலுக்குப் போனாக்கூட, சாமிக்கும் அதே பேருன்னு, பேரச் சொல்லாமத்தான் கும்புடுவேன். தெனமும் ஹால் லைட்டப் போட்டுக் கதவத் தொறந்து வெச்சுடுவேன், அந்த வெளிச்சம் வந்துடும். அன்னைக்குக் காத்துல கதவு சாத்திக்கிச்சு. அவரு விழுந்த சத்தம் கேட்டு ஓடியாந்தேன். கையி சுவிச்சத் தேடுது, அங்க தகடு இருக்குது. அப்பத்தான் கத்திட்டேன், அவரு பேர. ஒடனே எரிஞ்சிது." முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டார். "கொஞ்சம் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா விழுந்திருக்க மாட்டாரு. என் தப்புதான்."

இப்படி ஒன்று இருக்கும் என்றே சபேஷுக்குத் தோன்றியதில்லை போலிருந்தது.

பேசாமல் பாத்ரூம் வேலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாமா என்று ஆசிக் நினைத்தான். அம்மாவே பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டாரே, யார் கேட்கப்போகிறார்கள்? அப்படி ஓர் எண்ணம் வந்ததை நினைத்து அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"உங்க தப்பு இல்லம்மா, என் தப்பு" என்றான். "பேரு வெச்சதும் நான், சுவிட்ச கழட்டினதும் நான். உங்களக் கேக்காமலே போய்ட்டேன்."

"விடுங்க பாய். இதெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்றான் சபேஷ்.

எனக்குத் தெரியுமே என்று நினைத்துக்கொண்டான் ஆசிக். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தகட்டைக் கழற்றிப் பழையபடி சுவிட்சை மாட்டினான். டப்பாவிலும் பேரை மாற்ற உட்கார்ந்தான்.

"இந்த ரூம நீங்க எப்படிம்மா சொல்வீங்க?"

"கெழக்கு ரூம்னுதான் சொல்வோம், எப்பவும்."

வைத்தான். சாரதாம்பாள் சொன்னார், எரிந்தது. அவ்வளவுதான் வேலை. அன்றைக்கே கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். கட்டிலில் வாத்தியார் கண்ணைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்தார், புரண்டு படுக்க முயன்றார், முடியாமல் முனகினார். ஆசிக் அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே பாத்ரூம் லைட்டையும் சுவிட்சோடு மாட்டி முடித்து, சாமான்களைப் பையில் போட்டான். கூலிப் பேச்சு வந்ததும் வேண்டாமென்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

கடலூர் வந்து சேரும்போது அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். வாசலில் செருப்பை விடும்போதே உம்மா குரல் கேட்டது.

"தஸ்னீம், உள்ள கொஞ்சம் லைட்டப் போடும்மா. அவுங்க மாத்திரய எடுக்கணும்."

தஸ்னீம் சொன்னாள், விளக்கு எரிந்தது, உம்மா மாத்திரையோடு வெளியே வந்தாள்.

"உம்மா, வாப்பா பேரு வெச்சா உங்களால கூப்புட முடியாதுன்னு ஏன் சொல்லல?"

அவள் மழுப்பப் பார்த்தாள். அவன் விடவில்லை.

"நீ ஆசையா செஞ்சு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டிருந்த. அதுல போயி நான் கொற சொல்லுவனா?"

"தஸ்னீம் அவங்க ஊட்டுக்குப் போயிருந்தப்ப என்ன செஞ்சீங்க?"

"தடவித் தடவி எடுத்துக்குவேன். பழகிப்போச்சு."

ஆசிக் பையை இறக்காமலே வாப்பா அறைக்குள் போனான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தகட்டுக்குக் கிட்டே குனிந்தான். அதைச் சுற்றிச் சுண்ணாம்பு கறுத்துக் கிடந்தது. இருட்டில் ஒரு கை சுவிட்சைத் தேடித் தேடித் தடவிய அழுக்கு அது.