வேடியப்பனின் பத்து மீட்டர்

மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்தில் கரும்பு வெட்டிப் பிழைக்கும் வேடியப்பனை ஊரே 'சாமி' என்று கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. திரௌபதி அம்மன் கோயில் தீமிதியில் வருஷம் தவறாமல் இறங்குகிறவன்தான். ஆனால் எல்லோரும் ஓடிக் கடக்கிற நெருப்பை, அந்த ஆடியில் மட்டும் வரப்பில் போகிறவன் மாதிரி நிதானமாகக் கடந்தான். கரையேறியதும், "சுடவே இல்ல" என்றான். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவன் மனைவி இருசம்மாளுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் இரண்டு பாதத்திலும் கொப்புளம். அதைக்கூட அவள்தான் பார்த்துச் சொன்னாள். வெந்தும் வலிக்காத காலைப் பார்த்தால் டாக்டரிடம் ஓட வேண்டாமா? இருசம்மாள் மஞ்சள் அரைத்துப் பூசினாள். அம்மன் அருள் புருஷன் காலில் இறங்கிவிட்டது என்று தெருத் தெருவாகச் சொல்லிவிட்டு வந்தாள். அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் நாமும் கன்னத்தில்தான் போட்டிருப்போம்.

ஆவணியில் வேடியப்பனின் செருப்பு அடிக்கடி காணாமல் போனது. கழன்று விழுந்தது தெரியாமலே வீடு வந்து சேர்ந்துவிடுவான். பிறகு முன்பாதம் தொங்கிப்போய்த் தரையில் தட்டியது. குந்தி உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டியிருந்தது. கரும்புக் கட்டோடு பலகையேறி டிராக்டரை நிரப்பியவன் வெறுங்கையோடு ஏறும்போதே சரிந்தான். கண் காலிலேயே இருந்தால்தான் நடை, நிமிர்ந்தால் விழுந்தான். "சாமி இப்பல்லாம் பகல்லயே ஊத்திக்கினு வருது" என்று ஒருத்தன் வாய் கூசாமல் பேசினான். இருசம்மாள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

விரதத்தில் ஏதோ குறை, அம்மனுக்குக் கோபம் என்று அவளுக்கு அடுத்த எண்ணம். ஈரச் சேலையோடு அங்கப்பிரதட்சணம் செய்தாள். இப்படியே எட்டு மாதம் போனது. பங்குனியில் ஒருநாள் தோட்டத்தில் விழுந்தவன், "இருசா, என் காலு எங்க கீதுன்னே எனக்குத் தெரியலடி" என்று அழுதான். மறுநாள் விடிந்ததும் இருசம்மாள் அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கால் நரம்பில் மின்சாரம் வைத்துச் சோதித்தார்கள். டாக்டரம்மா அவளை உட்காரவைத்துச் சொன்னார்.

"ஒயருக்கு மேல இருக்கற மாதிரி நரம்புக்கும் ஒரு உறை இருக்கும்மா. நம்ம உடம்பைக் காக்கற சக்தியே அத எதிரின்னு நெனச்சு அரிக்குது. நாள்பட்ட நோய். மருந்து ஏத்துனா நடக்க வாய்ப்பு இருக்கு. ஆனா நடுவுல நிறுத்தக்கூடாது. இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம்."

"அப்ப நெருப்பு சுடாம இருந்துச்சே, அது?"

"அதுவும் இந்த நோயாலதாம்மா."

நோயையா ஊரெல்லாம் கொண்டாடிவிட்டு வந்தோம்! இந்த மனுஷன் இனி நடக்காமலே போனால் அது தன்னால்தான் என்று இருசம்மாளுக்கு நிச்சயமாகிவிட்டது.

ஐந்து நாள் மருந்து ஏறியது. பிறகு மாத்திரை, பயிற்சி, மறுபடி மருந்து. நான்காம் மாதம் பிசியோதெரபி அறையில் தமிழழகன் என்கிற பயிற்சியாளர் தரையில் பத்து மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் டேப் ஒட்டினார். அதுவரை பக்கக் கம்பியும் மனைவியின் தோளும் இல்லாமல் வேடியப்பன் ஓர் எட்டு வைத்ததில்லை.

"அக்கா, நீங்க இங்கயே நில்லுங்க. தள்ளாடுனாலும் கை குடுக்காதீங்க. நான் பக்கத்துலயே போறேன்."

வேடியப்பன் புறப்பட்டான். முழங்காலை உயரத் தூக்கினான், பாதத்தை வைத்தான், அது ஊன்றியதா என்று குனிந்து பார்த்தான், அடுத்ததைத் தூக்கினான். ஒரு காலை எடுக்க மற்றக் கால் முழு உடம்பையும் தாங்க வேண்டும் என்பது இத்தனை வயசில் இருசம்மாளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இடுப்பு, முதுகு, கண், மூச்சு என்று எத்தனை கூடி உழைத்தால் ஓர் எட்டு! இதையா நினைப்பே இல்லாமல் பொழுதுக்கும் செய்துகொண்டிருந்தோம்? அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

நாற்பத்தொரு விநாடியில் மறுமுனை டேப்பைத் தொட்டான். தமிழழகன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சூப்பர்ண்ணே! ஒக்காருங்க. இன்னிக்கி இது போதும்."

"என் பொஞ்சாதி அங்க நின்னுக்கினு கீது சார்" என்றான் வேடியப்பன்.

உட்காரவில்லை. குட்டிக் குட்டி எட்டாக வைத்துத் திரும்பினான். பாதித் திருப்பத்தில் சாய்ந்தான். இருசம்மாள் ஓடாமல் இருக்கத் தன் இரண்டு கையையும் முந்தானையில் சுற்றி இறுக்கிக்கொண்டாள். அவனே நிமிர்ந்தான். பிறகு அவளை நோக்கி நடந்தான். தரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான்.